கிணறும் சாட்சி சொல்லும்

உழவர்கரையில் வயலும் கிணறுமாக இருந்த இடங்களில் இன்று குடியிருப்பு நகர்கள் எழுந்துவிட்டன. எஞ்சிய சில கிணறுகள் மதில்களுக்குப் பின்னால் தூர்ந்து கிடக்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு கிணற்றிலிருந்து ஓர் இளம்பெண்ணின் உடலை மேலே கொண்டுவந்ததைக் கூட்டத்தில் ஒருவனாக நின்று பார்த்தேன். காவலர்கள் வந்து சேரும் முன்பே அங்கே தீர்ப்பு முடிந்துவிட்டது. வயிற்றுவலி தாளாமல் குதித்துவிட்டாள் என்றார் ஒருவர். கால் இடறி விழுந்திருப்பாள் என்றார் இன்னொருவர். நானும் தலையாட்டிவிட்டு வீடு திரும்பினேன்.

சர் சிட்னி ஸ்மித்தின் வாழ்க்கையைப் பின்னாளில் படித்தபோதுதான் அந்தத் தலையாட்டல் என்னை உறுத்தத் தொடங்கியது.

நியூசிலாந்தின் ராக்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் 1883-இல் பிறந்தவர் ஸ்மித். மருந்துக்கடையில் தொழில் பழகி, பிறகு கடல் கடந்து எடின்பரோ சென்று, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். சட்ட மருத்துவப் பேராசிரியர் ஹார்வி லிட்டில்ஜானிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, ஜூன் மாதத்தில், நீர் நிறைந்த ஒரு பழைய கல்குவாரி அவருக்கு முதல் பெரிய சோதனையை வைத்தது.

எடின்பரோவுக்கு மேற்கே வின்ச்பர்க் அருகில் இருந்த அந்தக் குவாரியில், கயிற்றால் ஒன்றாகக் கட்டப்பட்ட இரண்டு சிறுவர்களின் உடல்கள் மிதந்தன. முகங்களை அடையாளம் காண வழியில்லை. ஆனால் நெடுநாள் நீரில் கிடந்ததால் உடற்கொழுப்பு மெழுகுபோல் இறுகி, உள்ளுறுப்புகளைக் காத்து வைத்திருந்தது. உடல்கள் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் நீரில் கிடந்திருக்க வேண்டும் என்று ஸ்மித் கணித்தார். இரைப்பையில் பார்லியும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் செரிக்காமல் இருந்தன. இறப்பதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு உண்ட காய்கறிக் கஞ்சி அது. அப்படியானால் பிள்ளைகள் தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் அல்லர். சட்டையில் மங்கிக் கிடந்த முத்திரை ஓர் ஏழையர் விடுதியைக் காட்டிக்கொடுத்தது.

அந்த ஊரில் தேடியபோது, 1911 நவம்பரிலிருந்து காணாமற்போயிருந்த இரு சகோதரர்களின் செய்தி கிடைத்தது. அவர்களின் தந்தை பேட்ரிக் ஹிக்கின்ஸ் 1913 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். தாயை இழந்த அப்பிள்ளைகளை வளர்ப்பது அவருக்குச் சுமையாகிவிட்டிருந்தது.

இந்த வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. ஸ்மித்தும் அவருடைய ஆசிரியரும் அச்சிறுவர்களின் உடற்பகுதிகளை யாரும் அறியாமல் எடுத்துச் சென்று பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் சேர்த்தார்கள். அதைத் தம் நினைவு நூலில் ஸ்மித்தே பெருமிதத்தோடு எழுதினார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, உறவினர் ஒருவரின் வேண்டுகோளுக்குப் பின்னரே அவை தகனம் செய்யப்பட்டன. உண்மையைத் தேடுவதும் இறந்தவரை மதிப்பதும் இரு வேறு கடமைகள். முதலாவதைச் செய்தவர் இரண்டாவதில் தவறினார் என்றே நான் கருதுகிறேன்.

1917 முதல் பதினோரு ஆண்டுகள் அவர் எகிப்து அரசின் சட்ட மருத்துவ நிபுணராகப் பணியாற்றினார். பாழடைந்த கிணறு ஒன்றிலிருந்து எடுத்த மூன்று எலும்புகள் ஒருநாள் அவரிடம் வந்தன. அவை இடுப்பு எலும்புகள். இறந்தவர் இருபத்து மூன்று முதல் இருபத்தைந்து வயதுக்குட்பட்ட பெண், குள்ளமானவர், நடையில் தாங்கல் உள்ளவர், நாட்டுத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தபின் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருந்தவர் என்று அவர் சொன்னார். அத்தகைய பெண் ஒருவர் காணாமற்போயிருந்தார். துப்பாக்கியைத் துடைத்தபோது தவறுதலாக வெடித்தது, மகள் இறந்ததும் அஞ்சிக் கிணற்றில் போட்டேன் என்று தந்தை ஒப்புக்கொண்டார். விசாரணை என்பது குற்றத்தை மட்டுமல்ல, அச்சத்தையும் அறியாமையையும்கூட வெளிக்கொணரும் என்பதற்கு இது சான்று.

தமிழுலகத்தோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. 1928 முதல் எடின்பரோவில் பேராசிரியராக இருந்த அவர், கொழும்பில் மனைவியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட புகழ்பெற்ற தமிழ்க் கிரிக்கெட் வீரர் மகாதேவ சதாசிவத்தின் வழக்கில் சாட்சியம் அளித்தார். அது நீர்நிலை மரணம் அன்று; ஆனால் அங்கும் இறந்த நேரம் எது என்பதே கேள்வி. 1953-இல் சதாசிவம் விடுதலையானார். குவாரியில் ஒரு தந்தையைத் தூக்குமேடைக்கு அனுப்ப உதவிய அதே வகைக் கேள்வி, கொழும்பில் ஒரு கணவரை அதிலிருந்து மீட்க உதவியது. ஸ்மித் 1969-இல் மறைந்தார்.

நீரில் கிடந்த உடலெல்லாம் நீரில் மூழ்கி இறந்த உடல் அல்ல. மூச்சுள்ளபோது மூழ்கியவரின் வாயிலும் மூக்கிலும் நுண்ணிய நுரை தோன்றுவதுண்டு. நீரில் வாழும் டயாட்டம் எனும் நுண்பாசி, இதயம் துடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தோடு எலும்பு மஜ்ஜை வரை செல்லக்கூடும். இவற்றில் எதுவும் தனித்து நின்று முடிவு சொல்லாது. அந்தக் கிணற்று நீரின் மாதிரி, காயங்கள், உடை, இரைப்பை, அக்கம்பக்கத்தார் சொல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

இந்தியாவில் ஆண்டுக்கு 30,000-க்கும் அதிகமானோர் நீரில் மூழ்கி இறப்பதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் கூறுகின்றன. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஐயத்துக்குரிய வகையில் இறக்கும் பெண்ணின் உடலை உடற்கூறாய்வுக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்கள் ஊர்ப் பகுதியிலேயே ஜிப்மர் இருக்கிறது; சட்டத்துக்கோ மருத்துவத்துக்கோ இங்கு குறைவில்லை. உடல் கரையேறிய முதல் ஒரு மணி நேரத்தில் ஊரார் எழுதும் தீர்ப்புதான் பல நேரங்களில் கோப்பிலும் ஏறிவிடுகிறது.

அந்தப் பெண் குதித்தாளா, விழுந்தாளா, தள்ளப்பட்டாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள அன்று நான் விரும்பவும் இல்லை. அடுத்த முறை ஒரு கிணற்றடியில் கூட்டம் கூடினால், தெரியாது என்று சொல்லும் துணிவு நம்மில் ஒருவருக்காவது வேண்டும்.