ஒரு பிரமாணமும் ஒரு நாடும்: பால்டிமோர் பிரபுவின் சரித்திரம்



உங்கள் பிள்ளைகளின் பூகோளப் புத்தகத்தை எடுத்து, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் படத்தைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில், செஸபீக் என்னும் நீண்ட குடாக்கடலின் இரு மருங்கிலும் மேரிலாந்து என்ற சிறு மாகாணம் இருக்கும். அதன் பெரிய பட்டணம் பால்டிமோர். அந்நாட்டின் முதல் கத்தோலிக்க மேற்றிராசனம் 1789-ம் வருஷம் அந்தப் பட்டணத்தில்தான் ஏற்பட்டது. பட்டணத்துக்கு அந்தப் பெயர் ஒரு குடும்பத்தின் பட்டத்தினால் வந்தது. அந்தப் பட்டத்தை முதலில் பெற்றவர் ஜார்ஜ் கால்வர்ட் என்ற ஆங்கிலேயர். அவர் சேனாபதி அல்ல, மாலுமியும் அல்ல. காகிதங்களோடு காலம் கழித்த ஒரு மந்திரி. தம் மனசாட்சி இடங்கொடாத ஒரு பிரமாணத்தைச் சொல்ல மறுத்ததனால் அவர் இழந்தது எவ்வளவு, அதிலிருந்து விளைந்தது என்ன என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறோம்.

பயந்து வளர்ந்த வீடு

ஏறக்குறைய 1580-ம் வருஷத்தில், இங்கிலாந்தின் வட பாகத்திலுள்ள யார்க்ஷயரில், கிப்ளின் என்ற ஊரில் ஜார்ஜ் பிறந்தார். அப்போது எலிசபெத் இராணி ஆண்ட காலம். திருச்சபைக்கும் அரசரே தலைவர் என்று இங்கிலாந்தில் சட்டம் செய்துவிட்டார்கள். அரசாங்கக் கோவிலுக்குப் போகாதவர்களுக்கு 1581 முதல் மாதம் 20 பவுன் அபராதம். கூலியாள் ஒருவன் ஒரு வருஷம் முழுவதும் பாடுபட்டாலும் அவ்வளவு பணத்தைக் காணமாட்டான். 1585 முதல், அந்நிய தேசத்தில் குருப்பட்டம் பெற்று வந்த குருக்களுக்கு மரண தண்டனை. அவர்களுக்கு வீட்டில் இடங்கொடுத்தவர்களுக்கும் அதே கதி.

கால்வர்ட் குடும்பம் பழைய வேதத்தை விட மனமில்லாத குடும்பம். ஜார்ஜுக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது, 1592-ல், அதிகாரிகள் அந்த வீட்டின்மேல் கண் வைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர் கத்தோலிக்க ஜெபப் புத்தகத்தை வைத்துக் கற்பிக்கிறார் என்பது குற்றச்சாட்டு. உடனே தகப்பனாருக்குக் கட்டளை பிறந்தது. கத்தோலிக்க வேலைக்காரர் ஒருவரையும் வைத்திருக்கக் கூடாது. ஜார்ஜையும் அவன் தம்பியையும் புரோட்டெஸ்டாண்டு ஆசிரியரிடம் அனுப்பவேண்டும். பிள்ளைகள் எவ்வளவு தேறினார்கள் என்று காட்ட மாதம் ஒருமுறை அதிகாரிகளின் முன் கொண்டுவந்து நிறுத்தவேண்டும்.

பெற்றோரே, அந்தத் தகப்பனின் நிலையைச் சற்று எண்ணிப்பாருங்கள். எதிர்த்தால் நிலமும் வீடும் போய்விடும். இணங்கினால் பிள்ளைகளின் விசுவாசம் போய்விடும். அவர் இணங்கினார். பிள்ளைகளும் இணங்கினார்கள். நாம் அவரைப் பழிக்க வேண்டாம். அந்த இக்கட்டு நமக்கு வரவில்லை.

இராஜாவின் மந்திரி

ஜார்ஜ் 1594-ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் சேர்ந்து 1597-ல் பட்டம் பெற்றார். பிறகு இராஜ்யத்தின் பெரிய மந்திரியான ராபர்ட் சீசில் அவரைத் தமக்குக் காரியதரிசியாக வைத்துக்கொண்டார். அடக்கமும் அயராத உழைப்பும் உள்ளவரென்று ஜார்ஜ் பேரெடுத்தார். 1604-ல் ஆன் மின் என்னும் பெண்ணை மணந்தார். மூத்த மகனுக்குத் தம் எஜமானின் பெயரையே சூட்டினார். 1617-ல் ஜேம்ஸ் இராஜா அவருக்குச் சர் பட்டம் அளித்தார். 1619-ல் அவரை இராஜாங்க மந்திரி இருவரில் ஒருவராக்கினார். கடல் கடந்த வியாபாரத்திலும் அவருக்கு நாட்டமுண்டு. அமெரிக்காவில் குடியேற்றம் நடத்திய வர்ஜீனியாக் கம்பெனியிலும், நம் தேசத்தில் வியாபாரம் செய்ய வந்த கிழக்கிந்தியக் கம்பெனியிலும் பணம் போட்டிருந்தார்.

இப்படி எல்லாம் கூடிவந்த வேளையில் அடுத்தடுத்து இரண்டு அடிகள் விழுந்தன. 1622-ல் அவர் மனைவி பிரசவத்தில் இறந்துபோனாள். மறு வருஷம் அவருடைய இராஜதந்திரம் தோற்றது. இளவரசர் சார்லஸுக்கு ஸ்பெயின் இராஜகுமாரியை மணமுடிக்க வேண்டுமென்பது இராஜாவின் விருப்பம். அதற்காக வருஷக்கணக்காய் உழைத்தவர் கால்வர்ட். அந்தச் சம்பந்தம் முறிந்ததும், அரண்மனையில் அவருக்கிருந்த செல்வாக்கும் சரிந்தது.

1625-ம் வருஷத் தொடக்கத்தில் அவர் பதவியை விட்டார். தாம் கத்தோலிக்கர் என்பதையும் வெளிப்படையாய்த் தெரிவித்தார். எப்படியும் போகிற பதவிதானே, விட்டால் என்ன என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியானால் அவர் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கியிருக்கலாமே! கத்தோலிக்கன் என்று சொல்லிக்கொள்வதில் அன்று ஒரு காசு இலாபமில்லை. ஜேம்ஸ் இராஜா அவரைக் கைவிடாமல், அயர்லாந்தில் பால்டிமோர் பிரபு என்ற பட்டம் அளித்தார். ஆனால் அடுத்த மாதமே இராஜா இறந்தார். புதிய இராஜாவான சார்லஸின் ஆலோசனைச் சபையில் இருக்கவேண்டுமானால் பிரமாணம் செய்யவேண்டும் என்றார்கள். பால்டிமோர் மறுத்து, சபையைவிட்டு வெளியேறினார். சிறுவனாயிருந்தபோது இணங்கியவர், நாற்பத்தைந்து வயதில் இணங்கவில்லை.

குளிர் கற்பித்த பாடம்

இதற்கு முன்னமே, 1621-ல், வட அமெரிக்காவின் கிழக்கு ஓரத்திலுள்ள நியூபவுண்ட்லாந்து தீவில், பெரிலாண்டு என்னுமிடத்தில் அவர் ஒரு சிறு குடியேற்றம் தொடங்கியிருந்தார். 1623-ல் அதற்கு அவலோன் என்ற பெயரில் இராஜ சாசனமும் பெற்றார். மீன் ஏராளம், நிலம் நல்லது, குளிர் அதிகமில்லை என்றெல்லாம் அங்கிருந்த மேலாளர் எழுதிக்கொண்டே இருந்தார். அதை நம்பிப் பணத்தைக் கொட்டினார் பால்டிமோர். 1627-ல் இரண்டு குருக்களோடு போய்ப் பார்த்தார். 1628-ல் இரண்டாவது மனைவியையும் பிள்ளைகளில் பெரும்பாலோரையும் அழைத்துக்கொண்டு குடியிருக்கவே போய்விட்டார்.

அங்கே ஒரு புதுமை நடந்தது. ஒரே கூரையின் கீழ் கத்தோலிக்கருக்குத் திவ்விய பூசை நடந்தது. புரோட்டெஸ்டாண்டு குடியானவர்களுக்கு அவர்களுடைய ஆராதனையும் நடந்தது. இங்கிலாந்தில் பூசை செய்யும் குருவுக்குத் தூக்குமரம் காத்திருந்த காலத்தில் இது நடந்ததென்பதை மறவாதீர்கள். அங்கிருந்த ஆங்கிலிக்கன் போதகர் ஒருவர் இதைச் சகியாமல், இங்கிலாந்துக்குத் திரும்பி அதிகாரிகளிடம் முறையிட்டார்.

ஆனால் அவரை விரட்டியது அந்த முறையீடு அல்ல, குளிர்தான். அக்டோபர் மாத நடுவிலிருந்து மே மாத நடுவரை நிலமும் கடலும் உறைந்து கிடந்தன. நூறு பேரில் ஒரே சமயத்தில் ஐம்பது பேர் நோயாய்ப் படுத்தார்கள். பிரபுவும் அவர்களில் ஒருவர். அவருடைய கல்வீடு அந்தக் குளிர்காலம் முழுவதும் ஆஸ்பத்திரியாயிருந்தது. ஒன்பது பத்துப் பேர் மாண்டார்கள். பிரெஞ்சுக் கப்பல்களோடு போராடியதில் ஏற்பட்ட செலவு வேறு. 1629 ஆகஸ்டில் அவர் இராஜாவுக்கு எழுதி, தெற்கே வர்ஜீனியாவில் கொஞ்சம் நிலம் கேட்டார். புதுக் குடியேற்றங்களின் கஷ்டம் உமக்கேற்றதல்ல, ஊருக்குத் திரும்பும் என்ற கருத்தில் இராஜா பதில் எழுதினார். அந்தக் கடிதம் வந்து சேருமுன் பால்டிமோர் தெற்கே கப்பலேறிவிட்டார்.

ஜேம்ஸ்டவுனில் ஒரு பிரமாணம்

1629 அக்டோபர் வாக்கில் அவர் வர்ஜீனியாவின் தலைநகரான ஜேம்ஸ்டவுனில் இறங்கினார். ஆங்கிலேயர் 1607-ல் அமைத்த ஊர் அது. அமெரிக்காவில் நிலைத்து நின்ற அவர்களுடைய முதல் குடியேற்றம். அங்குள்ள அதிகாரிகளுக்கு அவர் வருகை பிடிக்கவில்லை. ஒருவன் அவரைப் பொய்யன் என்று திட்டி, அடித்து வீழ்த்துவதாக மிரட்டினான். அவனைத் தண்டனைக் கட்டையில் நிறுத்தவேண்டியதாயிற்று.

அதிகாரிகள் வேறு வழி கண்டார்கள். இராஜாவே திருச்சபைக்குத் தலைவர் என்று ஏற்றுக்கொள்ளும் பிரமாணத்தை அவர்முன் வைத்தார்கள். இராஜாவுக்குப் பிரஜையாக உண்மையாயிருப்பேன் என்று சொல்ல அவருக்குத் தடையில்லை. தம் மனசாட்சிக்கு ஒத்தபடி வாசகத்தை மாற்றிச் சொல்வதாகவும் கேட்டுக்கொண்டார். அவர்கள் ஒப்பவில்லை. அவரும் இறங்கவில்லை.

வாசகர்களே, ஐம்பது வயதை நெருங்கிய மனிதர். ஆஸ்தியில் பெரும் பங்கைக் குளிர் தின்றுவிட்டது. எதிரே சூரிய வெப்பமும் வளமான மண்ணும் உள்ள நாடு. இடையில் நிற்பதோ ஒரு நிமிஷத்தில் சொல்லி முடிக்கக்கூடிய சில வார்த்தைகள். உதட்டால் சொல்லிவிட்டு உள்ளத்தில் வேறாக வைத்துக்கொள்ளலாம் என்று எத்தனை பேர் அன்று நினைத்தார்கள்! அவர் அப்படி நினைக்கவில்லை. மறுபடியும் கப்பலேறினார்.

சாசனமும் சாவும்

இங்கிலாந்து திரும்பியும் அவர் விடவில்லை. நோயாளியான உடம்போடு இராஜாவிடம் நிலம் கேட்டுக்கொண்டே இருந்தார். வர்ஜீனியாக்காரர் ஆள் அனுப்பி எதிர்த்தார்கள். முதலில் வர்ஜீனியாவுக்குத் தெற்கே கொடுக்க இருந்ததை மாற்றி, கடைசியில் வடக்கே, பொட்டோமாக் நதிக்கு அப்பால் உள்ள நிலத்தைக் கொடுக்க இராஜா இசைந்தார். ஹென்ரியெட்டா மரியா இராணியின் பெயரால் அதற்கு மேரிலாந்து, அதாவது மரியாவின் நாடு, என்று பெயர் வைக்கப்பட்டது. வருஷந்தோறும் இரண்டு இந்திய அம்புகளை விண்ட்ஸர் கோட்டையில் செலுத்தவேண்டும். பொன் வெள்ளி கிடைத்தால் ஐந்தில் ஒரு பங்கு கொடுக்கவேண்டும். இவ்வளவுதான் குத்தகை.

சாசனத்துக்கு முத்திரை விழுந்தது 1632 ஜூன் 20-ந் தேதி. ஜார்ஜ் கால்வர்ட் ஏப்ரல் 15-ந் தேதியே லண்டனில் கண்ணை மூடிவிட்டார். இரண்டு மாத வித்தியாசம்! சாசனம் மூத்த மகன் சீசிலின் பெயரில் எழுதப்பட்டது.

மகன் காத்த சொத்து

சீசில் பிரபு எதிரிகளைச் சமாளிக்க இங்கிலாந்திலேயே தங்கி, தம்பி லெயனார்டை அனுப்பினார். 1633 நவம்பர் 22-ல் ஆர்க், டவ் என்ற இரண்டு கப்பல்கள் புறப்பட்டன. பெட்டகம், புறா என்பது அந்தப் பெயர்களின் பொருள். வந்தவர்களில் பெரும்பாலோர் புரோட்டெஸ்டாண்டுகள். கத்தோலிக்கரோடு ஆண்ட்ரூ ஒயிட் முதலிய சேசு சபையாரும் வந்தார்கள். 1634 மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று, அர்ச். கிளமெந்து தீவில் அவர்கள் பூசை செய்து சிலுவை நாட்டினார்கள். யாவோகோமிகோ என்னும் பூர்வகுடி மக்களிடம் துணி, கோடாரி, மண்வெட்டி கொடுத்து நிலம் வாங்கி, செயின்ட் மேரீஸ் என்னும் ஊரை அமைத்தார்கள்.

பயணத்துக்கு முன் சீசில் கொடுத்த கட்டளை கவனிக்கத்தக்கது. கத்தோலிக்கர் தங்கள் பக்தி முயற்சிகளை ஆரவாரமின்றிச் செய்யவேண்டும். புரோட்டெஸ்டாண்டுகளின் மனம் நோகும்படி மதத்தைப்பற்றி வாதாடக் கூடாது. தகப்பனின் வீட்டில் ஒரே கூரையின் கீழ் நடந்தது, மகனின் நாட்டில் ஒழுங்காயிற்று. 1649-ல் மேரிலாந்து சட்டசபை அதை எழுத்திலும் வைத்தது: கிறிஸ்துநாதரை விசுவசிக்கும் எவரையும் வேதத்தின் பொருட்டுத் துன்புறுத்தக் கூடாது.

உள்ளதை உள்ளபடி சொல்வோம். அந்தச் சட்டத்தில் யூதருக்கு இடமில்லை. திரித்துவத்தை மறுப்பவனுக்கு மரண தண்டனை என்றும் அதிலேயே எழுதியிருந்தது. நிலம் கொடுத்த பூர்வகுடிகள் நாளடைவில் தங்கள் நாட்டைவிட்டு ஒதுக்கப்பட்டார்கள். மனசாட்சியின் சுதந்திரம் தேடி வந்தவர்கள் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக வைத்தார்கள். 1838-ல் அங்குள்ள சேசு சபையாரே 272 அடிமைகளை விற்றார்கள். தனக்கு வேண்டிய நீதியைப் பிறனுக்கும் முழுவதும் கொடுப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இது சாட்சி.

அந்தச் சட்டமும் நிலைக்கவில்லை. 1654-ல் அது ரத்தாகி, சில வருஷங்களில் திரும்பி வந்தது. 1689-ல் நடந்த கலகத்தோடு கால்வர்ட் குடும்பத்தின் கையிலிருந்து ஆட்சி போயிற்று. 1704-ல் கத்தோலிக்கர் பகிரங்கமாய்ப் பூசை காண்பதும், 1718-ல் வோட்டுப் போடுவதும் தடுக்கப்பட்டன. மேரிலாந்துக் கத்தோலிக்கர் வீட்டுக்குள்ளே சிறு கோவில் வைத்து, பிள்ளைகளுக்கு ஜெபம் கற்பித்து, அறுபது எழுபது வருஷம் காத்திருந்தார்கள். 1776-ல் அமெரிக்க சுதந்திர சாசனத்தில் கையெழுத்திட்ட ஒரே கத்தோலிக்கரான சார்லஸ் கரோல் மேரிலாந்துக்காரர். அவருடைய உறவினரான ஜான் கரோல் பால்டிமோரின் முதல் மேற்றிராணியார் ஆனார்.

இணங்கிப்போன ஒரு தகப்பனின் வீட்டில் தொடங்கிய கதை இது. அந்த வீட்டுப் பையன் வளர்ந்து, பதவி ஒருமுறையும் நாடு ஒருமுறையும் கைவிட்டுப் போகச் சம்மதித்தான். அந்த வார்த்தைகளைச் சொல்ல மட்டும் சம்மதிக்கவில்லை. தன்னைக் கட்டாயப்படுத்தியது போல் பிறரைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. இரவு ஜெபம் முடிந்தபின் இந்தச் சரித்திரத்தை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உத்தியோகத்துக்காகவோ சலுகைக்காகவோ உண்மையல்லாத ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடும்படி அவர்களை ஒருவர் கேட்கும் நாள் வரும். வேறு வேதத்தைச் சேர்ந்த அண்டை வீட்டாரை ஏளனமாய்ப் பேசும்படி கூட்டாளிகள் தூண்டும் நாளும் வரும். அந்த இரண்டு நாளிலும் அவர்களுக்குப் பால்டிமோர் பிரபுவின் ஞாபகம் வரட்டும்.