யாழை மீட்ட அடிகளார்

மூன்றாம் ஆண்டு, இயற்பியல் மாணவன்

சென்ற ஆண்டு எங்கள் தாம்பரத்தில் நாட்டுப்புறக் கலைஞர் ஒருவரின் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. மறுநாள் காலை நரம்புக் கருவிகளைப் பற்றிய பயிற்சி வகுப்பும் உண்டு என்றார்கள். மின்சார ரயிலில் நின்றுகொண்டே கல்லூரிப் படிப்பை முடித்துவிடுவேனோ என்று அஞ்சும் எனக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் பெரும் செல்வம். இருந்தும் சென்றேன். ஒற்றை நரம்புத் துந்தனாவையும், வில்லுப்பாட்டுக்காரரின் மணிகட்டிய வில்லையும் எங்கள் கையிலேயே கொடுத்து இசைக்கச் சொன்னார் அக்கலைஞர். இறுதியில், யாழும் வீணையும் ஒன்றுதானா என்று கேட்டார். ஆம் என்று உரக்கச் சொன்னவன் நான் ஒருவனே. அவர் சிரித்துவிட்டு, விபுலானந்தரைப் படியுங்கள் தம்பி என்றார்.

தமிழ்ப் பாடத்தைத் தேர்வுக்கு முதல்நாள் மட்டுமே தொட்டறிந்த நான் நூலகத்தில் 'யாழ் நூல்' என்னும் பெரும் புத்தகத்தைத் தேடி எடுத்தது இப்படித்தான். பிரித்த இடத்தில் பாட்டு இருக்கும் என்று எண்ணினேன். பின்னங்களும் பெருக்கல்களும் இருந்தன!

விபுலானந்த அடிகளார் 1892-ஆம் ஆண்டு, இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்குத் தெற்கே உள்ள காரைதீவில் பிறந்தார். பெற்றோர் சாமித்தம்பியும் கண்ணம்மையும் வைத்த பெயர் மயில்வாகனன். மட்டக்களப்பு வாவியில் நிலவு நாளில் மீன்கள் பாடும் என்பது அவ்வூரார் நம்பிக்கை. அந்த ஒலியைப் பற்றிப் பின்னாளில் அடிகளாரே 'நீரரமகளிர் இன்னிசைப் பாடல்' இயற்றினார்.

அவர் முதலில் அறிவியல் ஆசிரியர் என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். கொழும்பில் ஆசிரியப் பயிற்சியும் அறிவியல் கல்வியும் பெற்றார். 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறினார். இலங்கையிலிருந்து அத்தேர்வில் வென்ற முதல்வர் அவரே. யாழ்ப்பாணத்தில் வேதியியல் கற்பித்துக்கொண்டே படித்து, 1920-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பும் வந்தது. நல்ல பதவி, நல்ல பெயர். அத்தனையையும் விட்டு 1922-இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924-இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். மடத்தின் 'இராமகிருஷ்ண விஜயம்' இதழைத் தொகுக்கும் பணியும் அவருக்கு வாய்த்தது.

பின்னர் தாயகம் திரும்பிப் பள்ளிகளை நடத்தினார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் அவற்றுள் ஒன்று. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பாரதியாரைப் புலவர் உலகம் பாராமுகமாக நடத்திய அந்நாளில், சிதம்பரத்தில் பாரதி பாடல்களைத் துணிந்து பரப்பியவர் அவர். ஆயினும் அங்கிருந்த ஆண்டுகளில் வேர்கொண்ட யாழ் ஆராய்ச்சியே இக்கட்டுரைக்கு உயிர். அது பதினான்கு ஆண்டுகள் அவரை விடவில்லை.

யாழ் என்பது என்ன? வீணையில் ஒரே நரம்பை வெவ்வேறு இடங்களில் அழுத்திப் பல சுரங்களைப் பெறுகிறோம். யாழிலோ ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வில்லைப்போல் வளைந்த கோட்டில் சிறியதும் பெரியதுமாக நரம்புகள் கட்டப்பெறும். பேரியாழுக்கு 21, மகர யாழுக்கு 17, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 நரம்புகள் என்பர். குமிழ மரக் கொம்பில் மரல் நாரைக் கட்டி ஆயன் மீட்டிய வில்யாழைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. திருஞானசம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணர் கையிலும் யாழே இருந்தது. பிறகு அக்கருவி மறைந்தது. பெயர் மட்டும் நிகண்டுகளில் தங்கிற்று.

அடிகளார் கையில் எடுத்தது சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் திறம் கூறும் இருபத்தைந்து அடிகள். அவ்வளவுதான்! அந்த அடிகளுக்கு ஒரு விரிவுரையாகவே யாழ் நூல் முழுவதும் அமைந்தது. உரையாசிரியர்கள் குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்று மாத்திரைகளைப் பகுத்திருந்தனர். கூட்டினால் 22. புலவர்கள் இதை மனப்பாடம் செய்தார்கள். அடிகளார் இதை அளவு என்று கொண்டு நரம்பின் நீளத்துக்கும் அதிர்வுக்கும் பொருத்திப் பார்த்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. நம் ஆய்வுக்கூடத்தில் சோனாமீட்டர் இருக்கிறதல்லவா? தேர்வில் மதிப்பெண் வாங்க மட்டுமே நாம் தொடும் அந்தப் பெட்டியில், கம்பியை 60 சென்டிமீட்டரில் நிறுத்தித் தட்டினேன், அது குரல். 40-க்குக் குறைத்தேன், இளி வந்தது. 45-இல் உழை. 30-இல் மீண்டும் குரல், மேல் மண்டிலத்தில். ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணன் பூட்டுச் சாவியோடு பின்னால் நின்றுகொண்டு, என்னப்பா கச்சேரியா என்று கேட்டார்.

சிக்கல் இனிமேல்தான். இளிக்கு இளி என்று பன்னிரண்டு முறை ஏறிச் சென்றால் ஏழாம் மண்டிலத்துக் குரலில் சரியாக வந்து நிற்க வேண்டும். நிற்பதில்லை, சற்று மிஞ்சிவிடுகிறது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகர'த்தில் மண்டிலத்தை 24 சமபகுதிகளாக்கி இதைத் தீர்த்தார். அடிகளார் 22-ஐ விடவில்லை. இருவரில் யார் சொன்னது சரி என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

நம் விரிவுரையாளர் ஒருவர் என்னை மடக்கினார். யாரும் கேட்டிராத கருவியின் ஒலியைச் செய்யுளையும் சிற்பத்தையும் கொண்டு எப்படி அப்பா நிரூபிப்பது என்றார். ஒருவாரம் எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை. இப்போது எனக்குத் தோன்றுவது இது: யாழின் வடிவத்தில் ஊகம் கலந்திருக்கலாம். எந்த மரம், எத்தனை தடிப்பு, பத்தரின் ஆழம் எவ்வளவு என்பவற்றை ஒட்டி ஒலியின் குணம் மாறும்; அதற்குச் சான்று கூற இன்று ஒருவரும் இல்லை. ஆனால் நரம்புகளுக்கிடையே உள்ள உறவு கணக்கு. அதை எவரும் சரிபார்க்கலாம், தவறெனில் திருத்தலாம். அடிகளார் தம் கணக்கை மறைக்காமல் முழுவதும் அச்சிட்டுப் போனார். பழம்பெருமை பேசுவோரில் இதைச் செய்தவர் மிகச் சிலரே என்பது என் எண்ணம்.

இந்த ஆராய்ச்சியை அவர் ஓரிடத்தில் அமர்ந்து செய்யவில்லை. நடுவில் இமயமலைச் சாரலின் மாயாவதி ஆசிரமத்தில் 'பிரபுத்த பாரத' ஆங்கில இதழின் ஆசிரியர். 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். உடலும் நலிந்தது. சிதம்பரம் செட்டியார் என்னும் வள்ளல் துணைநிற்க, கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிட்டது.

1947 ஜூன் 5, 6 நாள்களில், சம்பந்தர் பதிகம் பெற்ற திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம். அடிகளார் கண்டுணர்த்திய வடிவில் செய்யப்பட்ட யாழ்களை ஊர்வலமாகக் கொண்டுவந்தனர். இசைவாணர் க. பொ. சிவானந்தம் பிள்ளை அவற்றை மீட்டினார். பதினான்கு ஆண்டுகள் தாளில் மட்டும் எழுதிவந்த சுரங்களை நோயுற்ற அந்தத் துறவி அன்று செவியால் கேட்டார். அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தாம்பரம் ரயிலில் நின்றபடி பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அதன்பின் ஒன்றரை மாதமே இருந்தார். 1947 ஜூலை 19-இல் மறைந்தார்; வயது ஐம்பத்தைந்து. கல்லடி உப்போடையில், தாம் கட்டிய பள்ளியின் வளாகத்தில், ஒரு மரத்தடியில் அவரை அடக்கம் செய்தார்கள். மீன் பாடும் வாவி அங்கிருந்து தொலைவில் இல்லை.