மூங்கில் குச்சியில் காட்டை எண்ணியவர்



முதல்ல ஒரு சின்ன கணக்கு. உங்ககிட்ட ஒரு பெரிய காட்டை ஒப்படைச்சிருக்காங்க. அதுல எத்தனை மரம் இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஒழுங்கான மேப் கிடையாது. ட்ரோன், சாட்டிலைட் படம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு மரமா நடந்துபோய் எண்ண ஆள் பத்தாது. ஆனா வருஷத்துக்கு எத்தனை மரம் வெட்டினா காடு காலியாகாம இருக்கும்னு நீங்க சொல்லியாகணும். எப்படிச் சொல்வீங்க?

1856-இல் பர்மாவின் பெகு பகுதியில் ஒரு ஜெர்மன்காரருக்கு இதே கணக்குதான் வந்தது. அவர் அதற்குப் பயன்படுத்தியவை ஒரு யானை, நாலு மூங்கில் குச்சி, ஒரு பேனாக்கத்தி. அவர் பெயர் டீட்ரிச் பிராண்டிஸ். பின்னாளில் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவர் ஆனவர். பல துறைக்காரர்களையும் பல நாட்டுக்காரர்களையும் சேர்த்து ஆராய்ச்சி செய்யணும்னு இன்றைக்கு எல்லா கருத்தரங்கிலும் பேசுகிறோம். அதைச் சுமார் 150 வருஷத்துக்கு முன்னாடியே காட்டுக்குள் செய்து காட்டியவர். அதில் அவர் ஜெயித்த இடமும் உண்டு, தோற்ற இடமும் உண்டு. ரெண்டையும் பார்ப்போம்.

பான் நகரத்துப் பையன்

பிராண்டிஸ் 1824 மார்ச் 31 அன்று ஜெர்மனியின் பான் நகரத்தில் பிறந்தார். அப்பா தத்துவப் பேராசிரியர். கிரேக்க நாட்டு அரசர் ஓட்டோவின் அழைப்பில் அப்பா ஏதென்ஸ் போனபோது குடும்பமும் கூடவே போனது. அதனால் பையனின் பள்ளிப் பருவத்தில் ஒரு பகுதி கிரேக்கத்தில் கழிந்தது. பிறகு கோபன்ஹேகன், கோட்டிங்கன், பான் என்று ஊர் ஊராகப் படிப்பு. 1849-இல் பான் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் விரிவுரையாளர் ஆனார். கவனிங்க, அவர் படித்தது தாவரவியல். காட்டு மேலாண்மை அவருடைய பாடமே இல்லை.

அவரை இந்தப் பக்கம் இழுத்து வந்தது ஒரு கல்யாணம். 1854-இல் அவர் ரேச்சலை மணந்தார். ரேச்சல், வங்காளத்தின் செராம்பூரில் வாழ்ந்த மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மனின் மகள். அதே செராம்பூரில் மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் இருந்த டேனிஷ்காரர் வோய்க்ட்டின் விதவை. ரேச்சலின் சகோதரியைக் கட்டியவர் ஆங்கிலேய ராணுவத் தளபதி ஹேவ்லாக். இந்த உறவு வழியாக பிராண்டிஸின் பெயர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் காதுக்கு எட்டியது. 1852 போருக்குப் பிறகு பெகு ஆங்கிலேயர் கைக்கு வந்திருந்தது. அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தேக்கு. பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லை.

தேக்குக்கு ஏன் அவ்வளவு மவுசு?

மெட்டலர்ஜி நண்பர்களுக்கு இது பிடிக்கும். ஓக் மரத்தில் இருக்கும் டானின் அமிலம், அதில் அடிக்கும் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கில் இருக்கும் எண்ணெய் இரும்பைக் கெடுக்காது, கரையானையும் கிட்ட விடாது. கப்பல் கட்டுகிறவர்களுக்கு வேறு என்ன வேண்டும்? 1853-இல் பம்பாய்க்கும் தாணேக்கும் நடுவில் ரயில் ஓடத் தொடங்கியதும் இன்னொரு வாயும் திறந்தது. ஒரு மைல் தண்டவாளத்துக்கு 1,700-க்கு மேல் ஸ்லீப்பர் கட்டை வேண்டும். மருந்து ஏற்றாமல் வெயிலையும் மழையையும் தாங்கக்கூடியவை தேக்கு, சால், தேவதாரு மாதிரி ஒரு சில மரங்கள்தான். ஆக, ரங்கூன் மர வியாபாரிகளுக்கு அவசரம், அரசாங்கத்துக்கும் அவசரம். வளர்வதற்கு அவசரப்படாத ஒரே ஆள் தேக்குதான்.

நாலு குச்சி சர்வே

1856 ஜனவரியில் பிராண்டிஸ் வேலையில் சேர்ந்தார். யானை மேல் ஏறி, காட்டுக்குள் கோடு போட்ட மாதிரி ஒரு பாதையில் போவார். இடது கையில் நாலு மூங்கில் குச்சி, வலது கையில் கத்தி. தேக்கு மரங்களை அடிமரத்தின் சுற்றளவை வைத்து நாலு வகுப்பாகப் பிரித்திருந்தார். ஆறடியும் அதற்கு மேலும் இருந்தால் முதல் வகுப்பு. பாதையின் இரு பக்கமும் குறிப்பிட்ட தூரத்துக்குள் தேக்கு தென்பட்டால், அந்த வகுப்புக்கான குச்சியில் ஒரு வெட்டு. யானையை நடத்த பாகன் இருந்ததால் ரெண்டு கையும் ஃப்ரீ. மழையில் பேப்பர் நனையும், மை ஓடும். மூங்கிலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

சாயங்காலம் முகாமுக்குத் திரும்பினால் அன்றைய டேட்டா குச்சியில் இருக்கும். போன தூரமும் பார்த்த அகலமும் தெரியும் என்பதால் பரப்பளவு கிடைக்கும். அதிலிருந்து மொத்தக் காட்டுக்கும் மதிப்பீடு போடலாம். நாம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் சாம்ப்ளிங் என்று படிக்கிறோமே, அதேதான்.

அடுத்தது அவர் வைத்த விதி. ரெண்டாம் வகுப்பு மரங்கள் வளர்ந்து முதல் வகுப்பாக எத்தனை வருஷம் ஆகும் என்று கணித்தார். அந்த வேகத்துக்கு மேல் முதல் வகுப்பு மரங்களை வெட்டக்கூடாது. டேங்கில் எவ்வளவு தண்ணீர் உள்ளே வருகிறதோ அதற்கு மேல் வெளியே எடுக்காதே, அவ்வளவுதான்.

வெட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. பச்சைத் தேக்கு கனமானது, தண்ணீரில் மிதக்காது. அதனால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிக்கட்டையையும் செதுக்கி, நின்ற நிலையிலேயே சில வருஷம் காய விடுவார்கள். பிறகு வெட்டினால் ஆற்றில் மிதந்து ரங்கூன் வரை போகும். இந்தச் செதுக்கும் வேலை பர்மாவில் முன்பே இருந்த பழக்கம். எந்த மரத்தைச் செதுக்கலாம் என்பதைத் தன் துறை தீர்மானிக்கும் என்று பிராண்டிஸ் கட்டுப்படுத்தினார். வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? காட்டைத் தனியாருக்குத் திறந்துவிடச் சொல்லி நெருக்கினார்கள். அவர் கையில் இருந்த ஆயுதம் அந்தக் கணக்கு மட்டும்தான்.

காட்டு மனிதர்களோடு ஒரு ஒப்பந்தம்

பெகு மலைகளில் கரென் மக்கள் காட்டை வெட்டி எரித்து நெல் விதைப்பார்கள். ஓரிரு வருஷம் கழித்து வேறு இடம் போவார்கள். பர்மிய மொழியில் இதற்கு டௌங்யா என்று பெயர். அதிகாரிகள் இவர்களைக் காட்டின் எதிரிகளாகப் பார்த்தார்கள். பிராண்டிஸ் வேறு யோசனை வைத்தார்: நெல்லோடு சேர்த்து தேக்குக் கன்றும் நடுங்கள், பிழைத்து நிற்கும் கன்றுகளுக்குக் கூலி தருகிறோம். கரென் மக்கள் உடனே நம்பவில்லை, நம்பக் காரணமும் இல்லை. தேக்கு வளர்ந்துவிட்டால் அந்த நிலம் அவர்களுக்குத் திரும்பாது. வருஷங்கள் எடுத்துத்தான் திட்டம் பரவியது. பிறகு ஆப்பிரிக்கா வரை போனது. அக்ரோஃபாரஸ்ட்ரி பாடத்தில் டௌங்யா என்ற பர்மியச் சொல் இன்றும் இருப்பது இதனால்தான்.

ஆள் சேர்த்த கதை

1862-இல் இந்திய அரசு அவரை அழைத்தது. 1864-இல் வனத்துறை உருவானது, பிராண்டிஸ் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல். மதராஸ் மாகாணத்தில் ஏற்கனவே வனப் பொறுப்பைப் பார்த்திருந்த மருத்துவர் ஹியூ கிளெகார்னும் அந்த ஆரம்ப நாட்களில் அவரோடு உழைத்தார்.

துறை வந்தாச்சு, ஆள் எங்கே? அன்றைய இங்கிலாந்தில் காட்டியல் சொல்லித்தரும் பள்ளியே இல்லை. பிராண்டிஸ் நேராகப் போய் முன்மொழிந்தார். முதல் யோசனை, ஜெர்மனியில் பயின்றவர்களை எடுப்பது. 1866-இல் ஷ்லிக், ரிப்பன்ட்ராப் என்ற இரு இளைஞர்கள் வந்தார்கள். பிராண்டிஸுக்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராக அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் இவர்கள்தான். ரெண்டாவது யோசனை, ஆங்கிலேய இளைஞர்களை பிரான்சின் நான்சி வனப் பள்ளிக்கும் ஜெர்மன் பள்ளிகளுக்கும் அனுப்பிப் படிக்க வைப்பது. 1870-இல் அந்த இரண்டு நாடுகளுமே ஒன்றோடொன்று போருக்குப் போனதால் படிப்பு குலைந்தது. ஆனாலும் திட்டத்தைக் கைவிடவில்லை. ஆங்கிலேய அரசு, ஜெர்மன் தலைவர், பிரெஞ்சுப் பள்ளி, இந்தியக் காடு. நம்ம ஊர் காலேஜ் ரெண்டு சேர்ந்து ஒரு எம்ஓயூ போடவே எவ்வளவு நாள் ஆகுதுன்னு நினைச்சுப் பாருங்க.

துறைகளைச் சேர்ப்பதிலும் அப்படித்தான். காட்டுக்கு மேப் வேண்டும் என்று 1872-இல் வன சர்வே பிரிவு தொடங்கியபோது அதை நடத்தியவர் ராயல் எஞ்சினியர்ஸ் படையைச் சேர்ந்த பெய்லி. 1878-இல் டேராடூனில் வனப் பள்ளி வந்தபோது அதன் முதல் இயக்குநரும் அவரே. மழையளவை வைத்து இந்தியாவை மண்டலங்களாகப் பிரித்து, எங்கே எந்தக் காடு வளரும் என்று பிராண்டிஸ் எழுதினார். அது வானிலையும் தாவரவியலும் சந்திக்கிற இடம். ஸ்டூவர்ட் என்ற மருத்துவர் பாதியில் விட்டு இறந்துபோன வட இந்திய மரங்களின் நூலை, லண்டன் கியூ தோட்டத்து மாதிரிகளோடு ஒப்பிட்டு 1874-இல் முடித்து வெளியிட்டார். அட்டையில் ஸ்டூவர்ட்டின் பெயரையும் விடவில்லை.

இன்னொரு விஷயம் நமக்கு நெருக்கமானது. 1885-இல் இங்கிலாந்தில் வனக்கல்வி தொடங்கிய இடம் கூப்பர்ஸ் ஹில். அது இந்தியப் பொதுப்பணித் துறைக்கு ஆள் தயாரித்த ஒரு எஞ்சினியரிங் கல்லூரி! ஷ்லிக்தான் அங்கே வகுப்பைத் தொடங்கினார்.

தோற்ற இடம்

இப்போது கசப்பான பகுதி. 1870-களில் புதிய வனச் சட்டம் பற்றி பெரிய விவாதம் நடந்தது. பேடன்-பவல் என்ற அதிகாரியின் தரப்பு, அரசு எழுதிக் கொடுக்காத வரை காட்டில் மக்களுக்கு உரிமை கிடையாது, பழக்கம் வேறு உரிமை வேறு என்றது. பிராண்டிஸ், மக்களின் வழக்கத்தை மதிக்க வேண்டும், கிராமங்களுக்கென்று தனிக் காடு இருக்க வேண்டும் என்றார். 1878 சட்டத்தில் கிராமக் காடு என்ற பிரிவு இடம் பெற்றது. நடைமுறையில் அது பெரும்பாலும் காகிதத்திலேயே தூங்கியது. ஓங்கியது அரசின் கை.

மதராஸ் அரசு அந்த 1878 சட்டத்தை ஏற்கவில்லை. மக்களின் உரிமையைப் பறிக்கும் என்று இங்குள்ள வருவாய் அதிகாரிகளே எதிர்த்தார்கள். பிராண்டிஸ் நேரில் வந்து நம்ம பக்கத்துக் காடுகளைச் சுற்றிப் பார்த்தார். 1882-இல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. விறகுக்கும் தீவனத்துக்கும் காடு ஒதுக்க வேண்டும் என்று அவர் அறிக்கையில் எழுதினார். ஆனால் சட்டம் ஊருக்குள் போனபோது விறகு பொறுக்கியவரும் மாடு மேய்த்தவரும் குற்றவாளி ஆனார்கள். 1922-இல் கோதாவரி மலைகளில் அல்லூரி சீதாராம ராஜு தலைமையில் வெடித்த கிளர்ச்சிக்கு இந்தக் காட்டுக் கெடுபிடிகளும் ஒரு காரணம். காட்டு மக்களின் உரிமையை ஏற்கும் சட்டம் வர 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிராண்டிஸ் நல்லவரா கெட்டவரா என்று பட்டிமன்றம் வைக்கலாம். எனக்குத் தோன்றுவது இதுதான்: கிராமக் காட்டுக்காக அவர் வாதாடினார், உண்மை. ஆனால் அவர் உருவாக்கிய துறை ஒரு பேரரசின் துறை. கப்பலும் ரயிலும் கேட்டதைத் தருவதுதான் அதன் முதல் வேலை. அந்த அமைப்புக்குள் அவர் குரல் ஒரு அளவுக்கு மேல் எடுபடவில்லை.

ஓய்வே இல்லாத ஓய்வு

1883-இல் பணி ஓய்வு. பான் திரும்பியவர் சும்மா உட்காரவில்லை. வனம் படிக்கும் மாணவர்களை ஜெர்மன் காடுகளுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தார். கிஃபர்ட் பின்ஷோ என்ற அமெரிக்க இளைஞர் யேலில் பட்டம் முடித்துவிட்டு, காட்டியல் எங்கே படிப்பது என்று தெரியாமல் ஐரோப்பா வந்தார். அவரை நான்சிக்கு அனுப்பி, வழிகாட்டியாக இருந்தவர் பிராண்டிஸ். 1905-இல் அமெரிக்க வனச் சேவையின் முதல் தலைவர் அந்த பின்ஷோதான். அமெரிக்காவின் பில்ட்மோர் எஸ்டேட்டுக்கு ஷெங்க் என்ற ஜெர்மானியரைப் பரிந்துரைத்தவர்களில் பிராண்டிஸும் ஒருவர். ஷெங்க் 1898-இல் அங்கே ஒரு வனப் பள்ளியே தொடங்கிவிட்டார்.

எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 1906-இல், இந்திய மரங்கள் பற்றிய அவருடைய பெரிய நூல் வெளியானது. 1907 மே 28 அன்று, பிறந்த ஊரான பானிலேயே காலமானார். பிராண்டிசியா என்ற தாவரப் பேரினம் இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது.

நமக்கு என்ன?

காட்டுத் தீ சென்சார், யானைக்கு ரயில் பாதையில் எச்சரிக்கை, சாட்டிலைட் படத்தில் மரம் எண்ணும் மாடல் என்று நம்மில் பல பேர் ப்ராஜெக்ட் தலைப்பு யோசிக்கிறோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்யலாம் என்று புரபோசல் எழுதுகிறவர்களும் உண்டு. பிராண்டிஸிடமிருந்து மூணு விஷயம் எடுத்துக்கலாம்.

ஒண்ணு, முதல்ல எண்ணிட்டுப் பேசுங்க. வியாபாரிகள் முன்னால் அவரை நிற்க வைத்தது குச்சியில் இருந்த வெட்டுகள். ரெண்டு, உங்களுக்குத் தெரியாததைத் தெரிந்தவரைத் தேடிப் போங்க. தாவரவியலாளருக்கு சர்வே தெரியாது, எஞ்சினியருக்கு மரம் தெரியாது. ரெண்டு பேரும் ஒரே கூடாரத்தில் உட்கார்ந்ததால்தான் வேலை நடந்தது.

மூணாவது, அவர் தோற்ற இடத்திலிருந்து. காட்டுக்குள் வாழ்கிறவரை டீமில் சேர்க்காத திட்டம், எத்தனை நாடு கையெழுத்துப் போட்டாலும் பாதித் திட்டம்தான். சத்தியமங்கலத்திலோ ஆனைமலையிலோ சென்சார் மாட்டப் போறீங்கன்னா, பட்ஜெட் ஷீட்டைத் திறக்கும் முன்னாடி அந்த ஊர்க்காரங்ககிட்ட ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்க. எந்தப் பாதையில் யானை வரும், எந்த மாசம் தீ பிடிக்கும்னு அவங்களுக்குத் தெரியும். புரபோசலில் அவங்க பெயருக்கும் ஒரு வரி ஒதுக்குங்க.