குடியை வென்ற செபம்

நாம் இங்கு நினைவுகூரும் மாட் டால்பட், அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் 1856இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 12 வயதில் மது வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்து, குடிக்கவும் பழகினார். கூலியெல்லாம் குடிக்கே போயிற்று. தோழர்களோடு சேர்ந்து தெருவில் பிடில் வாசிப்பவரின் பிடிலைத் திருடி, அந்தக் காசிலும் குடித்தார்.

1884இல் ஒரு சனிக்கிழமை கையில் காசில்லை. அவர் செலவில் குடித்த நண்பர்கள் கண்டும் காணாமல் போனார்கள். மனம் நொந்தவர் குருவானவரிடம் சென்று, மூன்று மாதம் குடிப்பதில்லை என வாக்களித்தார். பின்னர் அதுவே ஆயுள் விரதமாயிற்று.

அந்நாட்கள் எளிதாகக் கழியவில்லை. அதிகாலைத் திருப்பலியும் செபமுமே அவரைத் தாங்கின. மரக்கிடங்கில் வேலை செய்கையிலும், ஓய்வு கிடைத்தால் மறைவில் முழந்தாளிட்டுச் செபித்தார். பழைய கடன்களைத் தீர்த்தார். பிடில்காரரைத் தேடியும் காணாததால், அப்பணத்தில் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார்.

1925 ஜூன் 7, ஞாயிறன்று திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவிலேயே உயிர் துறந்தார். 1975இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

உண்மையான செபம் நாவோடு நிற்பதன்று. பட்ட கடனையும் தீர்க்க வைக்கும். குடியால் கண்ணீர் வடிக்கும் இல்லங்களை நினைத்து, நாமும் செபிப்போமாக.