ஆழ்கடலுக்குக் காது கொடுத்தவர்

சூரிய ஒளி கடலில் 1,000 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. ஒலியோ பெருங்கடலையே கடந்துவிடும். இதைக் கடலுக்கே சென்று சோதித்துக் காட்டியவர் அமெரிக்க அறிவியலாளர் மோரிஸ் யூவிங்.

அவர் 1906 மே 12ஆம் தேதி, டெக்சஸ் மாநிலத்தில் கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள லாக்னி என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 16 வயதில் உதவித்தொகையோடு ஹூஸ்டன் நகரின் ரைஸ் கல்விக்கழகத்தில் சேர்ந்தார். அங்கேயே 1931இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

இரண்டாம் உலகப் போரின்போது வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தில் நீருக்கடியில் ஒலி எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தார். கடலில் கீழே போகப் போகக் குளிர் கூடும். ஒலியின் வேகம் குறையும். ஏறத்தாழ 1,000 மீட்டருக்குக் கீழே நீரழுத்தத்தால் அந்த வேகம் மீண்டும் கூடும். ஒலி எப்போதும் வேகம் குறைந்த அடுக்கை நோக்கியே வளையும். ஆகவே, அந்த அடுக்கில் எழும் ஒலி மேலேயும் சிதறாமல், கீழேயும் போகாமல், குழாய்க்குள் ஓடுவதுபோல் நெடுந்தூரம் போக வேண்டும் என்று யூவிங் கணித்தார்.

1944இல் அதைச் சோதிக்கத் தம் சகா ஜோ வோர்செலுடன் ‘சலூடா’ கப்பலில் புறப்பட்டார். கப்பலிலிருந்து நீரொலி வாங்கி ஆழத்தில் இறக்கப்பட்டது. இன்னொரு கப்பல் விலகிச் சென்றுகொண்டே 4 பவுண்டு வெடிகளைக் கடலுக்குள் வெடிக்கவைத்தது. 900 மைல் தொலைவில் வெடித்த ஒலி, கால் மணி நேரத்திற்கும் மேல் பயணம் செய்து வந்து சேர்ந்தது! அந்த ஒலிப்பாதைக்கு ‘சோஃபார்’ என்று பெயர்.

1949இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாமண்ட் ஆய்வகத்தை நிறுவினார். அதன் பிறகும் அவர் கரையில் தங்கிவிடவில்லை. 1954 ஜனவரியில் ‘வேமா’ என்ற ஆய்வுக் கப்பல் புயலில் சிக்கியது. யூவிங், அவர் தம்பி ஜான், கப்பல் அதிகாரிகள் இருவர் என நால்வரை அலை அடித்துச் சென்றது. மூவர் மீட்கப்பட்டனர், அதிகாரி ஒருவர் திரும்பவில்லை. யூவிங்கின் கால் அதன்பின் முழுமையாகக் குணமாகவில்லை. ஆனாலும் கடலாய்வை அவர் விடவில்லை. 1974 மே 4ஆம் தேதி காலமானார்.

இன்று ஆளில்லாத சிறு நீரடி ஊர்திகள் வாரக்கணக்கில் கடலில் மூழ்கி எழுந்து வெப்பநிலையையும் உப்பின் அளவையும் அளக்கின்றன. அவற்றைக் கொண்டு அந்தந்த ஆழத்தில் ஒலியின் வேகத்தைக் கணக்கிடலாம். சில ஊர்திகள் நீரொலி வாங்கிகளையும் சுமந்து செல்கின்றன. அன்று மனிதர்கள் உயிரைப் பணயம் வைத்துச் செய்த பணியில் ஒரு பங்கை இன்று இந்த இயந்திரங்கள் செய்கின்றன. அவை என்ன அளக்க வேண்டும் என்ற கேள்வியை மட்டும் மாணவர்களாகிய நாம்தான் கேட்க வேண்டும்.