நந்தனார் பள்ளி கண்ட துறவி

நுழையும்முன்

கல்வியின் கதவு சிலருக்கு மட்டுமே திறந்திருந்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில், மறுக்கப்பட்ட மக்கள் தம் பிள்ளைகளுக்கான பள்ளியைத் தாமே நடத்த முற்பட்டனர். அம்முயற்சிக்குத் தம் வாழ்நாளை ஈந்த ஒருவரைப் பற்றியது இப்பாடம்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியே சிங்கப்பெருமாள்கோயிலுக்குச் செல்லும் சாலையில் விடியுமுன்பே தொழிற்சாலைப் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வேலை தேடி வந்த குடும்பங்கள் சுற்றியுள்ள ஊர்களில் குடியமர்ந்துள்ளன. பெற்றோர் பணிக்குச் சென்றபின், புத்தகப் பையோடு புதிய ஊரின் பள்ளி வாயிலில் நிற்கும் பிள்ளையின் மனத்தில் எழும் முதல் ஐயம், இது நம் பள்ளிதானா என்பதே. நூற்றாண்டுக்கு முன் அதே ஐயத்தோடு ஒரு பள்ளியைவிட்டு வெளியேறிய சிறுவர் ஒருவர், பின்னாளில் அதற்கு விடையாக ஒரு பள்ளியையே எழுப்பினார். அவரே சுவாமி சகஜானந்தர்.

வடஆர்க்காட்டுப் பகுதியில் ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில், அண்ணாமலை – அலமேலு இணையருக்கு 27.01.1890 அன்று அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த பிள்ளைகளுக்கு ஊர்ப் பள்ளியின் திண்ணையும் எட்டாத காலம் அது. கிறித்தவ மறைப்பணியாளர்கள் நடத்திய பள்ளிகளே அப்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் எழுத்தறிவித்தன. அந்நன்றியை மறத்தல் ஆகாது. முனுசாமியும் திண்டிவனத்தில் அத்தகைய பள்ளி ஒன்றின் விடுதியில் தங்கிப் பயின்றார். கூர்த்த அறிவுடைய மாணவராகத் திகழ்ந்தார். ஆயினும் மதம் மாற அவர் உள்ளம் இசையவில்லை. படிப்பு பாதியில் நின்றது. எதை ஏற்பது, எதை மறுப்பது என்பதை அச்சிறுவயதிலேயே அவர் தாமே முடிவு செய்தார். ஆசிரியராக இருப்போர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணத்தான் வேண்டும். கற்பிப்பவருக்குக் கடன்பட்ட பிள்ளை, தன் மனத்தையும் ஈடாகத் தரவேண்டுமா?

பின்னர் அவர் பெற்றோருடன் கோலார் தங்கவயலுக்குச் சென்றார். வடஆர்க்காட்டு ஊர்களிலிருந்து பிழைப்புக்காக அங்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் வாழ்ந்த மக்களின் உழைப்பையும் எளிமையையும் இளைஞர் முனுசாமி அருகிருந்து கண்டார். அவர் நாட்டம் ஆன்மிகத்தின்பால் திரும்பியது. சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளை அடைந்து, தமிழ் நூல்களோடு வடமொழியும் வேதாந்தமும் கற்றார். பிறப்பைக் காட்டி எவர்க்கு மறுக்கப்பட்டதோ அவரே அக்கல்வியில் தேர்ந்தார். சகஜானந்தர் என்னும் பெயர் குருவால் அமைந்தது.

1910இல் அவர் சிதம்பரம் வந்தார். தில்லைக்கும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உள்ள உறவு, ஆதனூரில் பிறந்த நந்தனாரின் வழியது. தில்லைக்கு நாளைப் போவேன் என்று நாள்களைக் கழித்தமையால் அவ்வடியார் திருநாளைப்போவார் எனப்பட்டார். அந்த ஏக்கத்தின் பெயரையே சகஜானந்தர் தம் பணிக்குச் சூட்டினார். 1916இல் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கப்பட்டது. முதலில் சேர்ந்த மாணவர்கள் 25 பேர். வயலில் கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவித்தால் மட்டும் போதாது. உண்ண உணவும் தங்க இடமும் வேண்டும். எனவே பள்ளியோடு விடுதியும் வளர்ந்தது. செல்வர் சிலர் உதவினர் எனினும், பள்ளியை நடத்தும் பொறுப்பு ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த ஒருவரிடமே இருந்தது. அதுவே இதன் தனிச்சிறப்பு.

இதற்கு ஒப்பான முயற்சிகள் கடல் கடந்தும் நிகழ்ந்தன. அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் தமக்கென்று பள்ளிகளை அமைத்துக்கொண்டனர். புக்கர் வாஷிங்டன் 1881இல் தலைமையேற்ற டஸ்கீகி பள்ளியில், மாணவர்களே செங்கல் அறுத்துச் சூளையிட்டுத் தம் வகுப்பறைகளைக் கட்டினர். சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் தூண்ட, கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றில் இலவசப் பள்ளி தொடங்கியதும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனிப்பள்ளி அமைப்பது பிரிவினையை நிலைக்கச் செய்யாதா என்னும் வினா அக்காலத்திலும் எழுந்தது, இன்றும் எழுகிறது. நேர்மையான வினாதான். ஆனால் அதனைக் கேட்கவேண்டியது கதவை அடைத்தவரிடம். பொதுப்பள்ளிகள் அனைவர்க்கும் உரியவை என்று அரசு அறிவித்த பின்னரும் பல ஊர்களில் அவ்வறிவிப்பு ஏட்டளவிலேயே நின்றது. மழைக்கு ஒதுங்க இடமில்லாதவன் தனக்கென்று ஒரு கூரை வேய்ந்துகொள்வது, ஊரைவிட்டுப் பிரிந்து போவதாகாது. அக்கூரையின் கீழிருந்தே சகஜானந்தர் பொது உரிமைகளுக்காகவும் குரல் கொடுத்தார். கோயில் நுழைவை வலியுறுத்தினார்.

1927இல் காந்தியடிகள் சிதம்பரம் வந்தபோது நந்தனார் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். அதற்கு முந்தைய ஆண்டிலேயே சகஜானந்தர் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்றிருந்தார். விடுதலைக்குப் பின் 1952, 1957 ஆகிய இரு பொதுத்தேர்தல்களிலும் சிதம்பரம் தொகுதியில் வென்றார். காவியுடை தரித்த அவர் மன்றத்தில் பேசியவற்றுள் பெரும்பகுதி நிலமும் கல்வியும் பற்றியது. துறவியாதலின் அவருக்கென்று குடும்பம் இல்லை. விடுதிப் பிள்ளைகளே குடும்பமாயினர்.

சகஜானந்தர் 01.05.1959 அன்று மறைந்தார். 25 மாணவர்களோடு தோன்றிய பள்ளி இன்று ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே அரசு மேல்நிலைப் பள்ளிகளாகச் சிதம்பரத்தில் இயங்கி வருகிறது. இரண்டின் பெயர்ப்பலகையிலும் நந்தனார் பெயர் இருக்கிறது.