புடவை மூட்டையும் சட்டசபை ஆசனமும்



கண்டியிலிருந்து நாவலப்பிட்டி வழியாக அட்டனுக்குப் புகையிரதத்தில் செல்கையில் இருமருங்கும் விரியும் தேயிலை மலைகளைக் கண்டிருப்பீர்கள். அம்மலைகளில் உழைத்த மக்களை நேரில் காண்பதற்காக ஓர் ஐயர் புடவை வியாபாரியாக வேடமிட்ட வரலாற்றை நீங்கள் கேட்டதுண்டா?

அவர்தாம் கோ. நடேசய்யர். 1887இல் தஞ்சைத் தரணியில் பிறந்தவர். 1919இல் கொழும்பு இந்திய வர்த்தகர்களின் சங்க விழாவுக்கு வந்தவர், மலைநாட்டையும் பார்க்க விரும்பினார். துரையின் உத்தரவின்றித் தோட்டத்துக்குள் கால் வைப்பது அத்துமீறற் குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. புடவை வியாபாரிகள் மட்டும் தடையின்றிப் போய்வந்தார்கள். ஆகவே ஐயரும் புடவை மூட்டையைத் தூக்கினார்! லயத்துக் காம்பிராக்களையும், கங்காணியிடம் பட்ட கடனில் அமிழ்ந்த குடும்பங்களையும் கண்ணாரக் கண்டார். பின்னர் இங்கேயே தங்கி, தேசநேசன், தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளை நடத்தினார்.

1924ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் சட்டநிரூபண சபையில் இந்தியருக்கு இரண்டு ஆசனங்களை வழங்கிற்று. நடேசய்யர் போட்டியிட்டுத் தோற்றார். வென்றவர்களுள் ஒருவர் நம் கத்தோலிக்கரான ஐ. எக்ஸ். பெரைரா. மற்றவரான முகமது சுல்தான் காலமாகவே, 1925இல் இடைத்தேர்தல் வந்தது. இம்முறை ஐயர் வெற்றி பெற்றார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அன்று சொத்தோ வருமானமோ உள்ள, எழுத வாசிக்கத் தெரிந்த ஆண்களுக்கே வாக்கு. இலங்கை மக்களில் நூற்றுக்கு நான்கு பேரளவில்தான் வாக்காளர். கொழுந்து பறித்த பெண்ணுக்கு வாக்கில்லை. கவ்வாத்து வெட்டிய அவள் கணவனுக்கும் பெரும்பாலும் இல்லை. வசதி படைத்தோரின் வாக்கால் சபைக்குப் போனவர், வாக்கற்ற ஏழைகளுக்காக அங்கே வாதாடினார். அடுத்த தேர்தலை நினைப்பவர் எளிதில் செய்யக்கூடிய காரியமா இது?

கொழும்பில் ஏ. ஈ. குணசிங்காவோடு தோளோடு தோள் நின்ற ஐயர், அவருடைய இயக்கம் இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியபோது விலகிக்கொண்டார். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்தார். துணைவியார் மீனாட்சியம்மையோ தாமே பாட்டுக் கட்டித் தொழிலாளரின் கூட்டங்களில் பாடுவார். அவரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

அதே 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1936இல் அட்டன் தொகுதியில் தொழிலாளரே வாக்களித்து ஐயரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். 1947 வரை அங்கிருந்தார்.

அவ்வாண்டு நவம்பரில் அவர் மறைந்தார். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் அந்தத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் வாக்கை மீண்டும் இழந்தார்கள்.